லத்தீன் டீச்சர் தேடிய கதை

போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தி மகள் நிலா போன் செய்தாள். நியூ ஜெர்சியில் பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். வழக்கமாக மெசேஜ் மட்டும்தான் அனுப்புவாள். போன் என்றால் ஏதோ அவசரம்.

"அக்கா, உனக்குத் தெரிஞ்ச லத்தீன் டீச்சர் யாராவது இருக்காங்களா? எங்க டீச்சர் வேற ஊருக்குப் போயிட்டாங்க. ஸ்கூல்ல புதுசா யாரையும் எடுக்கல. மே மாசம் ஏ.பி. பரீட்சை."

"தேடிப் பார்க்கலாம்" என்றேன்.

"ஆன்லைன்ல ஒருத்தர் கிடைச்சிருக்கார். ஆனா அவருக்குச் சனிக்கிழமை காலையில மட்டும்தான் நேரம் இருக்காம். அது தமிழ்ப் பள்ளி நேரம். இந்த வருஷம் தமிழை விட்டுடட்டுமான்னு அம்மாகிட்ட கேட்கப் போறேன். நீயும் அப்படித்தானே செஞ்ச?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஆமாம், நானும் அப்படித்தான் செய்தேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், இதே பரீட்சைக்காக, இதே சனிக்கிழமைக் காலையை விட்டுக்கொடுத்தேன். அந்தக் கதையையும், அதற்குப் பின்னால் இருக்கும் இன்னும் பழைய கதைகளையும் நிலாவுக்குச் சொல்ல நினைத்தேன். போனில் சொல்ல முடியாத அளவுக்கு நீளமாகிவிட்டதால் இங்கே எழுதுகிறேன். உங்களில் யாராவது இந்த நிலைமையில் இருந்தால் உங்களுக்கும் உதவும்.

ஏன் லத்தீன் டீச்சர் கிடைப்பதில்லை?

அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஏ.பி. என்பது உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே கல்லூரி அளவுப் பாடம் ஒன்றைப் படித்து எழுதும் பரீட்சை. ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். நல்ல மதிப்பெண் வாங்கினால் பல கல்லூரிகளில் அந்தப் பாடத்துக்குக் கடன்புள்ளி கிடைக்கும். இங்கிலாந்தில் ஏ லெவல் லத்தீன் எழுதுபவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே தலைவலிதான்.

ஒரு காலத்தில் இந்த நாட்டில் பள்ளி என்றாலே லத்தீன்தான். பாஸ்டன் லத்தீன் பள்ளி 1635-இல் தொடங்கியது. ஹார்வர்டு அதற்கு அடுத்த வருடம். அன்றைய ஹார்வர்டில் சேர லத்தீன் தெரிந்தே ஆகவேண்டும். பாஸ்டனில் அடிமையாக விற்கப்பட்ட ஃபில்லிஸ் வீட்லி என்ற ஆப்பிரிக்கச் சிறுமி, தன்னை வாங்கிய குடும்பத்தின் வீட்டிலேயே லத்தீன் கற்றாள். 1773-இல் அவருடைய கவிதைப் புத்தகம் லண்டனில் வெளிவந்தது. அதில் லத்தீன் கவிஞர் ஓவிடின் கதை ஒன்றைத் தன் போக்கில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்தின் பக்கமே போகாத ஒரு பெண் அவர்.

1960-களின் தொடக்கத்தில்கூட அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஏறக்குறைய 7 லட்சம் மாணவர்கள் லத்தீன் படித்தார்கள். 1976-இல் அது ஒன்றரை லட்சம் அளவுக்கு விழுந்துவிட்டது. பதினைந்து வருடத்துக்குள் ஒரு பாடம் இப்படிச் சரிந்ததற்குப் பல காரணங்கள். 1957-இல் ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும் அமெரிக்கா பதறிப்போய், அடுத்த வருடமே ஒரு சட்டம் போட்டு அறிவியல், கணிதம், வாழும் மொழிகள் ஆகியவற்றுக்குப் பணத்தைக் கொட்டியது. 1960-களில் கத்தோலிக்கத் திருச்சபை தன் வழிபாட்டை லத்தீனிலிருந்து அந்தந்த நாட்டு மொழிகளுக்கு மாற்றியது. மாணவர்கள் குறைந்ததும் டீச்சர்கள் குறைந்தார்கள். டீச்சர்கள் குறைந்ததால் மாணவர்கள் இன்னும் குறைந்தார்கள். நிலாவின் பள்ளியில் ஒரே ஒரு டீச்சர் போனதும் வகுப்பே இல்லாமல் போனது இதன் கடைசிக் கண்ணி.

என் முதல் டீச்சரும் இரண்டாவது டீச்சரும்

2013-இல் என் பள்ளியிலும் இதுவே நடந்தது. டீச்சர் ஓய்வு பெற்றார், அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. நான் பிடிவாதமாகப் பரீட்சை எழுதுவேன் என்றேன். அப்பாவுக்கு அந்த வருடம் சில மாதங்கள் வேலை இல்லை. அம்மா மருந்துக்கடையில் வேலை பார்த்தார். "லத்தீன் படிச்சு என்னடி செய்யப் போற?" என்று ஒரு தடவை கேட்டார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் எடுத்துக்கொண்டார்.

ஆன்லைன் டியூஷன் நிறுவனம் ஒன்றின் மூலம் ஒருவர் கிடைத்தார். மணிக்கு 50 டாலர். ஜூலியஸ் சீசரின் போர்க்குறிப்புகளைத் தண்ணீர் மாதிரி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போவார். நான் வேகவேகமாக எழுதிக்கொள்வேன். ஆறாவது வாரம், ஒரு சொல்லைக் காட்டி, "இது ஏன் இந்த வேற்றுமையில் இருக்கிறது?" என்று கேட்டேன். "அதையெல்லாம் பார்க்காதே, மொத்த அர்த்தத்தைப் பிடி" என்றார். இரண்டு நாள் கழித்து ஊர் நூலகத்தில் ஒரு பழைய மொழிபெயர்ப்பைப் புரட்டினேன். அவர் சொன்ன வாக்கியங்கள் ஒரு சொல்கூட மாறாமல் அப்படியே இருந்தன. அவர் லத்தீனைப் படிக்கவே இல்லை. கணினித் திரைக்கு அந்தப் பக்கம் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறார். 300 டாலர் போய்விட்டது. அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆனது.

இரண்டாவது டீச்சரைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் செவ்வியல் மொழித் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பித்தான் கண்டுபிடித்தேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எழுபதைத் தாண்டியவர். முதல் நாள் பத்து வரியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. "எந்தச் சொல் எந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். ஒரு மணி நேரத்தில் மூன்று வரிதான் முடிந்தது. ஆனால் அந்த மூன்று வரியும் என்னுடையதாகிவிட்டது.

அவருக்குச் சனிக்கிழமைக் காலை மட்டும்தான் முடிந்தது. தமிழ்ப் பள்ளியை நிறுத்தினேன். ஒரு வருடம்தானே என்று நினைத்தேன். பரீட்சையில் நான்கு வாங்கினேன். தமிழ்ப் பள்ளிக்குத் திரும்பிப் போகவில்லை.

ரோமில் டீச்சர் என்பவர் யார்?

இனி பழைய கதைக்குப் போவோம். லத்தீன் டீச்சர் தேடுவது நம் காலத்துப் பிரச்சினை என்று நினைத்தால் தவறு. ரோமானியர்களே அலைந்திருக்கிறார்கள்.

ரோமின் முதல் பெயர் தெரிந்த ஆசிரியர்களில் ஒருவர் லிவியுஸ் அந்திரோனிகுஸ். கிரேக்கர். தெற்கு இத்தாலியில் இருந்த தாரெந்தும் என்ற கிரேக்க நகரத்தை ரோமானியர்கள் கி.மு. 272-இல் பிடித்தபோது கைதியாக வந்தவர் என்று மரபு சொல்கிறது. ஒரு ரோமானியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். பாடம் நடத்த லத்தீனில் நல்ல புத்தகம் இல்லை. ஹோமரின் ஒடிசியை லத்தீனில் மொழிபெயர்த்தார். லத்தீன் இலக்கியத்தின் தொடக்கத்திலேயே வேறு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு அடிமை ஆசிரியர் நிற்கிறார்.

அதற்கு இருநூறு வருடத்துக்குப் பிறகு, அதே லிவியுஸின் வரிகளைப் பிரம்படிக்குப் பயந்து மனப்பாடம் செய்தான் ஒரு பையன். பின்னாளில் பெரும் கவிஞரான ஹொராசியுஸ். அடித்தவர் ஓர்பிலியுஸ் என்ற ஆசிரியர். ஹொராசியுஸின் அப்பா ஒரு காலத்தில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். சின்னதாக ஒரு நிலம், ஏலத்தில் பணம் வசூலிக்கும் வேலை. ஊர்ப் பள்ளியில் படைத் தலைவர்களின் பிள்ளைகள் படித்தார்கள். தன் மகனை அங்கே சேர்க்காமல் ரோமுக்கே கூட்டிக்கொண்டு வந்தார். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்குத் துணையாக ஓர் அடிமை போவது வழக்கம். இந்தப் பையனுக்கு அப்பாவே துணையாக ஒவ்வொரு ஆசிரியரிடமும் போனார். அதை ஹொராசியுஸ் நன்றியோடு எழுதி வைத்திருக்கிறார். படித்தபோது எனக்கு அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட்தான் நினைவுக்கு வந்தது.

ஓர்பிலியுஸைப் பற்றி ஒரு விஷயம். ஏறக்குறைய நூறு வயது வரை வாழ்ந்து, வறுமையில் இருந்த அவர், பெற்றோர்களால் ஆசிரியர்கள் படும் பாட்டைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினாராம். வரலாற்றாசிரியர் சுவெத்தோனியுஸ் இதைக் குறித்து வைத்திருக்கிறார். நம் வாட்ஸ்அப் பெற்றோர் குழுக்களைப் பார்த்திருந்தால் இரண்டாம் பாகமும் எழுதியிருப்பார்.

எல்லா ஆசிரியரும் ஏழை இல்லை. வெர்ரியுஸ் ஃபிளாக்குஸ் என்பவரும் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்தான். பேரரசர் அகுஸ்துஸ் தன் பேரன்களுக்குப் பாடம் சொல்ல அவரைக் கூப்பிட்டார். அவர் தனியாக வரவில்லை. தன் பள்ளியையே மாணவர்களோடு அரண்மனைக்கு மாற்றிக்கொண்டார். புது மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்பது நிபந்தனை. வருடச் சம்பளம் ஒரு லட்சம் செஸ்தெர்ஸ் என்ற ரோமானிய நாணயம்.

சாதாரண மக்களுக்கு எவ்வளவு? கி.பி. 301-இல் பேரரசர் தியோக்கிளேத்தியானுஸ் விலைவாசியைக் கட்டுப்படுத்த ஒரு பட்டியல் போட்டார். இதற்கு மேல் யாரும் வாங்கக் கூடாது என்ற உச்ச விலைப் பட்டியல். அதில் ஆசிரியர் கட்டணமும் உண்டு. ஒரு மாணவனுக்கு ஒரு மாதத்துக்கு, எழுத்துச் சொல்லித்தருபவருக்கு 50 தெனாரி, கணக்கு ஆசிரியருக்கு 75, இலக்கணமும் இலக்கியமும் நடத்துபவருக்கு 200, பேச்சுக்கலை ஆசிரியருக்கு 250. அதே பட்டியலில் வயலில் வேலை செய்பவருக்குச் சாப்பாடு போக நாளைக்கு 25 தெனாரி. அப்படியென்றால் ஒரு பிள்ளையின் இலக்கணப் பாடத்துக்கு ஒரு மாதத்தில் எட்டு நாள் கூலி போய்விடும். பெற்றோர் எதற்காகக் கணக்குப் பார்க்கிறார்கள் என்பது இந்த எண்களைப் பார்த்தால் புரியும்.

பிளினி எழுதிய கடிதம்

இப்போது நிலாவுக்கு நேரடியாக உதவிய கதை.

நான் பரீட்சை எழுதியபோது பாடத்திட்டத்தில் இரண்டு பேர்: வெர்ஜிலின் ஐனெயித் காவியம், சீசரின் போர்க்குறிப்பு. 2025-26 கல்வியாண்டிலிருந்து சீசரை எடுத்துவிட்டார்கள். அவர் இடத்துக்கு இளைய பிளினியின் கடிதங்கள் வந்திருக்கின்றன. வெர்ஜில் இருக்கிறார்.

பிளினி யார்? கி.பி. 79-இல் வெசூவியுஸ் எரிமலை வெடித்து பொம்பெயி நகரம் புதைந்தபோது அவருக்குப் பதினேழு வயது, கிட்டத்தட்ட நிலாவின் வயது. வளைகுடாவுக்கு எதிர்ப்புறம் மிசேனும் துறைமுகத்தில் அம்மாவோடும் மாமாவோடும் இருந்தார். மாமா அங்கே கடற்படைத் தளபதி. எரிமலைப் புகையைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் வருகிறாயா என்று மாமா கேட்டார். பையன், எனக்குப் படிக்க வேண்டியிருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டான். மாமா ஆட்களைக் காப்பாற்றப் போய், ஸ்தாபியே கடற்கரையில் இறந்துபோனார். பல வருடம் கழித்து, வரலாற்றாசிரியர் தாசிதுஸ் கேட்டதால் பிளினி இதைக் கடிதமாக எழுதினார். ஏ.பி. பாடத்தில் இருக்கும் பிளினியின் கடிதங்களில் இவையும் உண்டு.

அந்த மாமாவை நம்மவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மூத்த பிளினி என்று பெயர். 37 பாகங்களில் இயற்கை வரலாறு எழுதியவர். அதில் முசிறித் துறைமுகம் வருகிறது. பாண்டியன் பெயர் வருகிறது. மதுரை, மொதுரா என்று வருகிறது. மிளகு ஒரு பவுண்டு நான்கு தெனாரி என்ற விலையும் வருகிறது. இந்தியா வருடத்துக்கு ஐந்து கோடி செஸ்தெர்ஸை உறிஞ்சிக்கொள்கிறது என்று புலம்பியவரும் அவரே. தாத்தாவின் ஊர்ப்பக்கத்துப் பெயர்களை லத்தீனில் முதல்முதலாகப் பார்த்தபோது நூலகத்தில் உட்கார்ந்துகொண்டு தனியாகச் சிரித்தேன்.

இளைய பிளினி தாசிதுஸுக்கு எழுதிய இன்னொரு கடிதம்தான் நான் சொல்ல வந்தது. தன் சொந்த ஊரான கோமுமுக்கு, இன்றைய வடக்கு இத்தாலியின் கோமோவுக்கு, போயிருக்கிறார். ஊர்க்காரர் ஒருவர் மகனோடு பார்க்க வருகிறார். படிக்கிறாயா என்று பையனைக் கேட்கிறார் பிளினி. ஆமாம் என்கிறான். எங்கே? மெதியோலானுமில், அதாவது மிலானில். சுமார் 40 கிலோமீட்டர் தூரம். ஏன் இந்த ஊரிலேயே படிக்கவில்லை? அப்பா பதில் சொல்கிறார்: இங்கே ஆசிரியர் கிடையாது.

அங்கே இன்னும் பல அப்பாக்கள் இருந்தார்கள். பிளினி அவர்களைப் பார்த்துச் சொல்கிறார்: வெளியூரில் தங்கும் செலவு, பயணச் செலவு எல்லாவற்றையும் சேர்த்து, எல்லோரும் ஒன்றாகப் பணம் போட்டால் இங்கேயே ஆசிரியரை வைக்கலாமே. எனக்குப் பிள்ளைகள் இல்லை, ஆனாலும் நீங்கள் சேர்க்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை நான் தருகிறேன்.

முழுவதையுமே தந்திருக்கலாம், அவர் பணக்காரர். ஏன் தரவில்லை என்பதையும் சொல்கிறார். ஊர்ப் பொதுப்பணத்தில் ஆசிரியர் வைத்த இடங்களில் சிபாரிசும் முறைகேடும் நடப்பதைப் பார்த்திருக்கிறார். அடுத்தவர் பணம் என்றால் மக்களுக்கு அக்கறை வராது. தன் பணமும் அதில் இருந்தால், தகுதியானவருக்குத்தான் போகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். பிறகு தாசிதுஸைக் கேட்கிறார்: உங்களைத் தேடி வரும் அறிஞர்களில் நல்ல ஆசிரியர் இருந்தால் சொல்லுங்கள். ஆனால் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள், தேர்ந்தெடுப்பது பெற்றோர்களின் உரிமை.

தன் ஊருக்கு ஒரு நூலகத்தையும் கொடுத்தவர் இந்தப் பிளினி.

இந்தக் கடிதத்தை நிலாவுக்குச் சொன்னேன். "உன் ஸ்கூல்ல நீ மட்டுமா தவிக்கிற? வேற யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. அவரவர் வீட்டில் அவரவர் தனித்தனியாக டீச்சர் தேடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் எண்ணிச் சொன்னாள்: அவளோடு சேர்த்து நான்கு பேர்.

தரங்கம்பாடி மணல்

இன்னொரு டீச்சர் தேடிய கதையும் உண்டு. அது எதிர்த்திசையில் நடந்தது.

எனக்கு ஒன்பது வயதில் தாத்தா என்னை மயிலாடுதுறையிலிருந்து பஸ்ஸில் தரங்கம்பாடிக்குக் கூட்டிப் போனார். கடற்கரையில் டேனிஷ்காரர்களின் கோட்டை. தெருவில் ஒரு சிலை. யார் தாத்தா இது என்றேன். "நம்ம தமிழைப் படிக்க வந்தவர்" என்றார்.

அவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. ஜெர்மனிக்காரர். 1706-இல், சுமார் 24 வயதில், மதப் பணிக்காகத் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. வயதான திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைக் கண்டுபிடித்தார். அந்த ஆசிரியர் தன் பள்ளியையே பிள்ளைகளோடு சீகன்பால்கு வீட்டுக்கு மாற்றிக்கொண்டார். அகுஸ்துஸ் அரண்மனைக்குப் போன வெர்ரியுஸ் மாதிரியே. சீகன்பால்கு சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, விரலால் மணலில் அ, ஆ எழுதினார். ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி தெரியாது, மாணவருக்குத் தமிழ் தெரியாது. எழுத்து வந்தது, அர்த்தம் வரவில்லை. போர்த்துக்கீசு மொழி தெரிந்த அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளர் வந்த பிறகுதான் பாடம் ஓடியது.

பத்து வருடத்தில் அவர் ஒரு தமிழ் இலக்கண நூல் எழுதினார். 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் தமிழ் எழுத்துகளை வார்த்து அச்சிட்டார்கள். தலைப்பு கிராமத்திக்கா தாமுலிக்கா. விளக்கங்கள் எல்லாம் லத்தீனில். அன்றைக்கு ஐரோப்பாவில் எந்த நாட்டுப் படித்தவருக்கும் பொதுவான மொழி அதுதான். பிறகு இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி, நாம் வீரமாமுனிவர் என்று சொல்பவர், பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார். 1738-இல் அது தரங்கம்பாடியிலேயே அச்சானது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தவரும் அவர்தான்.

ஆகவே நிலா, லத்தீனும் தமிழும் சனிக்கிழமைக் காலையில் மோதிக்கொள்ள வேண்டிய இரண்டு பாடங்கள் இல்லை. முந்நூறு வருடத்துக்கு முன்னால் அவை ஒரே புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருந்தன.

தமிழ் உனக்கு லத்தீனில் உதவவும் செய்யும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைகள் முதலில் தடுமாறுவது வேற்றுமையில்தான். "கானிஸ் புவெரும் மோர்தெத்" என்றாலும் "புவெரும் கானிஸ் மோர்தெத்" என்றாலும் நாய் பையனைக் கடிக்கிறது என்றுதான் அர்த்தம். ஆங்கிலத்தில் சொற்களை இடம் மாற்றினால் பையன் நாயைக் கடித்துவிடுவான். நமக்கு இதில் அதிசயமே இல்லை. "பையனை நாய் கடிக்கிறது" என்று நாம் தினமும் பேசுகிறோம். அந்த ஐ உருபு செய்கிற வேலையைத்தான் லத்தீனில் சொல்லின் கடைசியில் வரும் உம் செய்கிறது. வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வருவதும் நமக்குப் பழக்கம். என் இரண்டாவது டீச்சர் கேட்ட கேள்வி எனக்குச் சீக்கிரம் புரிந்ததற்கு, அதற்கு முன் பத்து வருடம் சனிக்கிழமைக் காலையில் தமிழ்ப் பள்ளியில் உட்கார்ந்ததும் ஒரு காரணம். அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

டீச்சர் தேடுபவர்களுக்கு

நிலாவுக்கு நான் அனுப்பிய பட்டியல் இது:

முதலில், எந்த வருடப் பாடத்திட்டம் என்று கேளுங்கள். "சீசர் நன்றாக நடத்துவேன்" என்று சொல்பவர் பழைய புத்தகத்தை வைத்திருக்கிறார். 2025-க்கு முந்தைய பயிற்சிப் புத்தகங்களில் வெர்ஜில் பகுதி ஓரளவு உதவும், சீசர் பகுதி இந்தப் பரீட்சைக்கு வேண்டாம்.

முதல் வகுப்பிலேயே ஒரு சொல்லைக் காட்டி, இது ஏன் இந்த வேற்றுமையில் இருக்கிறது என்று கேளுங்கள். நல்ல டீச்சருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

பாடத்தில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்து, உங்களோடு சேர்ந்து படிக்கச் சொல்லுங்கள். பரீட்சையில் முன்பின் பார்க்காத பகுதியும் வரும். மொழிபெயர்ப்பைப் பார்த்துப் படிப்பவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

வெர்ஜிலைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அந்தச் சந்தத்தைப் பிரிக்கத் தெரியாதவரிடம் வெர்ஜில் படிக்க வேண்டாம்.

பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் செவ்வியல் மொழித் துறைக்கு எழுதுங்கள். ஆராய்ச்சி மாணவர்கள் பலர் பாடம் சொல்லத் தயாராக இருப்பார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பணம் இல்லையென்றால் வெட்கப்பட வேண்டாம். பெர்சியூஸ் மின்நூலகத்தில் லத்தீன் மூலங்கள் அகராதியோடு இலவசமாக இருக்கின்றன. டிக்கின்சன் கல்லூரியின் உரைகளும் இலவசம். இவை டீச்சருக்கு ஈடாகாது. ஆனால் டீச்சரோடு இருக்கும் ஒரு மணி நேரத்தைச் சொல்லுக்கு அர்த்தம் தேடுவதில் வீணாக்காமல் இருக்கலாம்.

கடைசியாக, தனியாகத் தேடாதீர்கள்.

தாத்தாவின் கடிதம்

நிலா கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நீயும் அப்படித்தானே செஞ்ச?

தாத்தா எனக்குக் கடிதம் எழுதுவார். நீல மையில், நெருக்கமான கையெழுத்து. தமிழ்ப் பள்ளிக்குப் போன நாள்வரை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன். விட்ட பிறகு அச்செழுத்து மட்டும் வந்தது, கையெழுத்து ஓடவில்லை. 2016-இல், நான் கல்லூரியில் இருந்தபோது, கடைசியாக ஒரு கடிதம் வந்தது. அம்மாதான் போனில் படித்துக் காட்டினார். நடுவில் இரண்டு இடத்தில் அம்மா நிறுத்தி, "இது எனக்கு எழுதினது" என்று தாண்டிப் போனார். அந்த வாரம் வெர்ஜிலில் ஒரு நீளமான பகுதியை வகுப்பில் நிறுத்தாமல் படித்தேன் என்று பேராசிரியர் பாராட்டினார். மூன்று மாதத்தில் தாத்தா போய்விட்டார்.

22 வயதில் மறுபடி அ, ஆவிலிருந்து தொடங்கினேன். இப்போது அந்தக் கடிதத்தைப் படிக்க முடிகிறது. அம்மா தாண்டிப் போன இரண்டு இடங்களும் எனக்குத்தான் எழுதியிருந்தார். ஒன்று அவர் உடம்பைப் பற்றி. இன்னொன்று, நான் திரும்பி எழுதுவதில்லையே என்று.

லத்தீன் படித்ததற்கு நான் வருத்தப்படவில்லை நிலா. ஒரு நேர அட்டவணையை யாரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டதற்குத்தான் வருத்தப்படுகிறேன். அந்த வயதான டீச்சரிடம் வேறு நேரம் உண்டா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நிலா கேட்டாள். நான்கு பேராகச் சேர்ந்ததும் பேரம் பேச வழி கிடைத்தது. நான்கு வீட்டுப் பெற்றோரும் நூலகத்தில் கூடி, இரண்டு பேரை நேரில் பார்த்துப் பேசி, ஒரு ஆராய்ச்சி மாணவியைத் தேர்ந்தெடுத்தார்கள். சித்தப்பாதான் அதிகக் கேள்வி கேட்டாராம். அவருக்கு லத்தீனில் ஒரு சொல்கூடத் தெரியாது. மணிக்கு 80 டாலர், ஆளுக்கு 20. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊர் நூலகத்தின் சின்ன அறை. பிளினி சொன்ன மூன்றில் ஒரு பங்கு என்னால் முடியாது. அகராதியும் வெர்ஜில் உரைநூலும் நான் வாங்கிக் கொடுத்தேன்.

தமிழ்ப் பள்ளிக்கு இப்போதைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். "மே மாசம் வரைக்கும் பார்க்கலாம் அக்கா, சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன்" என்றாள். சரி என்றேன்.

போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினாள். லத்தீன் நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பென்சிலால் தமிழில் ஐ, ஆல், கு, இன் என்று குறித்திருக்கிறாள். கையெழுத்துக் கோணல்மாணல்தான். எல்லாமே என்னால் படிக்க முடிந்தது.